ஏழு பட்டி, ஆறு பொட்டு

"இல்ல சார், என் ஆடுங்க அந்த முள்ளுக்காட்டுப் பக்கம் போனதே கெடியாது. மெய்யாலுமே கெடியாது."

யாரும் அதைக் கேட்கவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய ஆபீசர் லட்சுமணன் கேட்டது, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்பதுதான்.

கூட வந்த யேசுதாசுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் ராயபுரத்துக்காரர், நிலம் அளக்கிற ஆபீசில் இருபது வருஷமாகச் சங்கிலி இழுக்கிறவர். "இன்னாக்கா, தண்ணி கேட்டா கோர்ட்டுல சாட்சி சொல்றாப்ல சொல்றே? ஆடு எதுனா பானையில வுயுந்து கீதா?"

சொக்கம்மாள் பானையிலிருந்து மொண்டு கொடுத்தாள். ஒடிந்த ஆட்டுக் காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் பழகிய கை. ஆனால் பத்து நாளாக அவளை ஒரு பயம் பிடித்திருந்தது. மீஞ்சூர் டீக்கடையில் யாரோ ஆரம்பித்து வைத்த பேச்சு அது. வேலிக்காத்தான் முள், அந்தச் சீமைக்கருவேலம், இப்படிப் பரவுவதற்கு ஆடுதான் காரணமாம். ஆகாசத்திலிருந்து படம் எடுத்து வைத்திருக்கிறார்களாம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வருவார்களாம். முள் இருக்கிற இடத்திலெல்லாம் மேய்ச்சலை நிறுத்திவிடுவார்களாம்.

மேய்ச்சலை நிறுத்தினால் சொக்கம்மாளுக்கு வேறு வாழ்க்கை கிடையாது. ரயில் பாதைக்கு மேற்கே கோரைமேடு என்று நானூறு ஏக்கர் புறம்போக்கு. அவளையும் சேர்த்து ஒன்பது குடும்பங்கள் அதில் ஆடு மேய்த்தன. அந்த ஒன்பதில் முதலில் வந்தவள் அவள்தான். மற்ற எட்டும் இந்த நாலைந்து வருஷத்தில் வந்தவை.

வந்த கதையே தனிக் கதை. பிறந்தது புளியந்தோப்பில், ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டிக்குப் பின்சந்தில். ஆந்திராவிலிருந்து வந்து இறங்கும் ஆடுகளில் வழியில் கால் ஒடிந்தது, எலும்பும் தோலுமாக நிற்பது என்று எப்போதும் நாலைந்து மிஞ்சும். அறுக்கிறவனும் அவற்றை வாங்க மாட்டான், ஓட்டி வந்தவனும் திருப்பிக் கொண்டுபோக மாட்டான். இருபத்திரண்டு வயதில், ஐம்பத்தேழாம் வருஷம், சொக்கம்மாள் அப்படிப்பட்ட நாலு ஆட்டை வாங்கினாள். இரண்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலாவதைப் புருஷன் குணசேகரன் தலையில் ஏற்றிவிட்டு, திருவொற்றியூர் வழியாக நடந்தே வந்தாள். இரண்டு நாள் ஆனது. எண்ணூரில் டீ குடிக்க உட்கார்ந்தபோது குணசேகரன் கேட்டானாம், "மாப்பிள்ளை ஊர்வலத்துல கூட நான் இவ்ளோ நேரம் தலை நிமிந்து நடக்கலையே, இன்னும் எவ்ளோ தூரம்மே?" என்று. அந்த நாலும் மூன்று மாதத்தில் தேறி, தங்கள் காலாலேயே புளியந்தோப்புக்குத் திரும்பிப் போயின. "சொக்கம்மா கட்டுன காலு கோணாது" என்று தொட்டியில் பேச்சானது. அதற்கப்புறம் ஒடிந்ததெல்லாம் அவளிடம்தான் வந்தது.

தண்ணீர் குடித்து முடித்த லட்சுமணன், ஜீப் பானட்டின் மேல் ஒரு கோணியைப் போட்டு, அதன் மேல் துண்டு நீளத்துக்கு ஒரு படத்தை விரித்தார். காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தார் யேசுதாஸ். சொக்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார் இது? ஊரே பத்திகினு எரியறாப்ல கீது?"

"எரியலம்மா. பச்சையாத் தழைச்சு நிக்கிறதெல்லாம் இதுல சிவப்பாத் தெரியும். இலை ஒரு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அது நம்ம கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கருவிக்குத் தெரியும். அதுக்கு ஒரு நிறம் கொடுக்கணும்ல, சிவப்பைக் கொடுத்துட்டாங்க. கறுப்பா இருக்கிறது தண்ணி. இதோ, எண்ணூர்க் கழி."

"ஐந்நூத்தி சொச்சம் மைல் மேல சுத்திகினு கீதுக்கா," என்றார் யேசுதாஸ், தானே மேலே ஏறி மாட்டிவிட்டு வந்த மாதிரி. "பதினெட்டு நாளைக்கு ஒரு தபா நம்ம தலை மேல வந்து படம் புடிச்சுகினு போவுது."

"அய்ய, நான் குளிக்கிறதயுமா?"

"உன் குடிசையே அதுக்குத் தெரியாது. ஒண்ணரை ஏக்கரா இருந்தாத்தான் ஒரு புள்ளியா வுயும்."

"ஆட்டை எண்ணத் தெரியாத கண்ணு இன்னா கண்ணு!"

லட்சுமணன் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: மழை பெய்து முடிந்த தை மாசத்துப் படத்தில் புல்லும் முள்ளும் ஒன்றாகச் சிவந்து கிடக்கும், பிரிக்கவே முடியாது. அதனால் போன வருஷம் சித்திரையில் எடுத்த படத்தைக் கொண்டு வந்திருக்கிறார்கள். சித்திரையில் புல் காய்ந்து சாம்பலாகத் தெரியும். அப்போதும் சிவப்பாக நிற்பது எது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

"சித்திரையில பச்சையா நிக்கிறது ரெண்டே ரெண்டுதான் சார். கெணத்தடித் தோப்பு, இல்லாங்காட்டி வேலிக்காத்தான்." பெருமையாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதேதான்!" என்றார் லட்சுமணன். பென்சில் முனையால் கோரைமேட்டைத் தொட்டார். சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு நிலம். அதற்குள்ளே வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். "ரோட்டோரம் ஒண்ணு பார்த்தோம், புளியந்தோப்பு... நம்ம ஊர் இல்ல யேசுதாஸ், நிஜமான புளிய மரம். உள்ளே இந்த ஆறும் அதே மாதிரிதான் இருக்கு. நடுவுல சேறு, ஜீப் போகாது. இருக்கிற பொட்டுக்கெல்லாம் நடந்து போனா எங்களுக்கு ஆயுசு பத்தாது. பத்துக்கு ஒண்ணு போய்ப் பார்ப்போம், மத்ததை ஊர்க்காரங்களைக் கேட்டுப்போம். நீங்களே சொல்லுங்க. இதெல்லாம் தோப்புதானே?"

பிறந்த குழந்தையின் மூடிய விரல்களைப் பிரித்து உள்ளங்கையைப் பார்ப்பது போல, சொக்கம்மாள் அந்தப் படத்தின் மேல் குனிந்தாள்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ரயில் பாதை எது என்று கேட்டாள். காட்டினார்கள். மதகு எங்கே என்று கேட்டாள். காட்டினார்கள். அதற்கப்புறம் அவள் யாரையும் கேட்கவில்லை.

ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பொட்டு அவளுடைய முதல் பட்டி. நாலு ஆட்டோடு வந்து இறங்கி, ராத்திரி ஆட்டை அடைக்க ஓலைப் படல் கட்டிய இடம். அதற்கு மேற்கே, கிணற்றடியில், கொஞ்சம் சிறியது இரண்டாவது பட்டி. மகள் தங்கபுஷ்பம் பிறந்தது அங்கேதான், ஆட்டுக்கு வலி வந்த அதே நாளில் அவளுக்கும் வலி வந்தது. மதகடியில் மூன்றாவது. அங்கேதான் குணசேகரன் மஞ்சள்காமாலையில் போனான். அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஒரு வீட்டுப் பிள்ளைகளை உயரப்படி நிற்க வைத்த மாதிரி, பெரிசிலிருந்து சிறிசாக இறங்கிக்கொண்டே வந்தது. பட்டி என்றால் இரண்டு வருஷம்தான். அதற்குள் தரையில் உண்ணி பிடித்துவிடும், வேறு இடம் மாற்றியாக வேண்டும். கால்நடை ஆஸ்பத்திரியில் உண்ணி மருந்து கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த எட்டாவது இடத்தில் ஐந்து வருஷமாக நிலைத்தாள். விட்டு வந்த பட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

திரும்பிப் பார்க்காததை மேலே ஒருத்தன் பார்த்து வைத்திருந்தான்.

அந்த நாளில் கோரைமேட்டில் ஒரு முள் கிடையாது. வேலிக்காத்தான் ரயில் பாதை ஓரத்தில் வேலியாக மட்டும்தான் நின்றது. அதன் இலையை ஆடு தொடாது. காயோ வெல்லம் மாதிரி. பழுத்த காயைத் தின்றால் பத்து நாளில் ஆட்டுக்கு முதுகு உருண்டு சதை போடும். அதைக் கண்டுபிடித்தவளே சொக்கம்மாள்தான். கோடைக்குக் கோடை துறட்டியால் உலுக்கி, மூட்டை மூட்டையாகப் பட்டிக்குச் சுமந்து வந்து கொட்டினாள். ஆடு காயைத் தின்றது, கொட்டையைப் புழுக்கையோடு போட்டது. பட்டி காலியானதும் அந்தப் புழுக்கையிலிருந்து முள் எழுந்தது. கீழே நின்று பார்த்தபோது அங்கே ஒரு புதர், இங்கே ஒரு புதர். மேலே இருந்து பார்த்தால் அவள் கையால் விதைத்த வரிசை.

"சொல்லுங்கம்மா. தோப்புதானே?"

"தோப்புதான் சார்," என்றாள்.

லட்சுமணன் ஆறு பொட்டின் பக்கத்திலும் பென்சிலால் 'தோ' என்று எழுதினார். நன்றி சொல்லிவிட்டு, மீஞ்சூர் பங்களாவில் தங்கியிருப்பதாகவும் நாளை மத்தியானம் திரும்பிப் போவதாகவும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று வியாழக்கிழமை. வியாழன்தோறும் புளியந்தோப்பிலிருந்து ரயிலேறி ஆடு பார்க்க வருகிற சாபிரா, மத்தியான வெயிலில் முக்காட்டை விசிறியபடி வந்து சேர்ந்தாள். இருவரும் ஒரே சந்தில் பாவாடை கட்டித் திரிந்தவர்கள். சொக்கம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அரே அல்லா! உன் ஆடு போட்ட புயுக்க ஆகாசத்துலேர்ந்து தெரியுதா? என் ஊட்டுக்காரரு போட்ட கடையே பக்கத்துத் தெருவுல எவனுக்கும் தெரியல!"

"சிரிக்காதடி. கப்சா உட்டுட்டு வந்து குந்திகினு கீறேன்."

"நல்லா உட்டே. தோப்புன்னா தோப்பு. எய்தினுட்டான், போயிட்டான். வாயை மூடிகினு கெட. நீ முள்ளுன்னு சொன்னா மத்த எட்டு குடும்பமும் உன்னைத்தான் மண்ண வாரித் தூத்தும்."

அது நிஜம்தான். ஆனால் சொக்கம்மாளுக்கு வேறு ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. விரலை மடக்கி எண்ணினாள். கேட்டு ஒன்று, கிணறு இரண்டு, மதகு மூன்று. மறுபடி எண்ணினாள்.

"சாபி, பட்டி ஏழுடி. பொட்டு ஆறுதான் இருந்துச்சு."

"ஒண்ணு கொறைஞ்சா நல்லதுதானே? போய் ஆட்டைக் காட்டு."

அவள் ஆட்டைக் காட்டவில்லை. சாபிராவையும் இழுத்துக்கொண்டு, ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு, சேற்றைச் சுற்றி ஐந்தாவது பட்டி இருந்த இடத்துக்குப் போனாள். காய்ந்த புல் முழங்கால் உயரம் நின்றது. ஆடுகள் தலையைத் தூக்காமல் மேய்ந்தன. படல் நட்ட குழிகள்கூட இன்னும் தெரிந்தன. ஒரு முள் இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். அதே ஆடு, அதே காய், அதே இரண்டு வருஷம். இங்கே மட்டும் ஏன் முளைக்கவில்லை?

"இந்தப் பட்டில இருந்தப்பதானே உனக்கு அந்தக் கத்திரிக்கா பைத்தியம் புடிச்சுது?" என்றாள் சாபிரா, காலில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டே. "எப்ப வந்தாலும் கத்திரிக்கா கொயம்பு. வாயெல்லாம் எனக்கு அரிப்பு."

சொக்கம்மாள் அப்படியே நின்றாள்.

கத்திரிக்காய் கொடுத்தவர் இன்னாசி. பக்கத்தில் தோட்டம் போட்டிருந்தவர். அந்த இரண்டு வருஷமும் சனிக்கிழமை சனிக்கிழமை பட்டியைக் கூட்டி, புழுக்கையை ஒன்றுவிடாமல் அள்ளிக் குழியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மண் போட்டு மூடிவிடுவார். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் கையை வைக்க முடியாத சூட்டில் வெந்து, கறுப்பு மாவாக இருக்கும். கொட்டையும் அதில் வெந்துதான் போயிருக்கும். அந்த எருவில் கத்திரி காய்த்தது. முள் ஒன்றும் முளைத்ததாக அவர் சொன்னதே இல்லை. அப்புறம் அவர் தோட்டத்தை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அள்ள ஆள் இல்லை. ஆறாவது பட்டியிலிருந்து மறுபடி முள்.

"காலைல மீஞ்சூர் போறேன்," என்றாள்.

"போய் இன்னா சொல்லப் போறே?"

"நான் பேமானின்னு சொல்லப் போறேன்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினாள். தங்கபுஷ்பம் புளியந்தோப்பில் பாட்டியோடு இருந்தாள், ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் நாற்பத்தோரு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு நாலு மைல் நடந்தாள். பங்களாவின் கேட் திறந்திருந்தது. காவல்காரர் "ஏய், ஏய்!" என்று ஓடி வருவதற்குள் பூந்தொட்டிகளில் பாதி காலி. முகத்தில் சோப்பு நுரையோடு வெளியே வந்தார் லட்சுமணன். பல் குச்சியோடு வந்தார் யேசுதாஸ்.

"சார், ரப்பர் வெச்சிருக்கியா? நேத்து எய்தின தோப்பையெல்லாம் அயிச்சுடு. ஆறும் முள்ளுதான். நான் பொய் சொன்னேன்."

லட்சுமணன் முகம் சிவந்தது. "தெரிஞ்சே சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான். ஆறும் என் பட்டி சார். வெதச்சது என் ஆடு. காயைக் கொட்டுனது நானு."

"நான் இதை அப்படியே எழுதினா மேய்ச்சல் உங்களுக்குப் போயிடலாம். அது தெரியுமா?"

"தெரியாமயா நேத்து பொய் சொன்னேன்? போனா போவட்டும்னு வரல சார். தோப்புன்னு எய்திட்டா எவனும் வந்து முள்ளை எடுக்க மாட்டான். ஆறு பொட்டு அறுவது ஆவும். அப்ப மேய்ச்சலை நீ நிறுத்த வேணாம், அதுவே நின்னுடும்." மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணு கேளு. பட்டி ஏழு. அஞ்சாவது உன் படத்துல எங்க?"

நுரையைத் துடைக்காமலே உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்தார் லட்சுமணன். அவள் விரல் வைத்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நாலாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே வெறும் சாம்பல் நிறம். பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, "யேசுதாஸ், சங்கிலியை எடுங்க. மத்தியானம் கிளம்ப வேணாம், சாயங்காலம் போவோம்," என்றார்.

ஆடுகளைக் காவல்காரர் தலையில் கட்டிவிட்டு ஜீப்பில் கிளம்பி, சேற்றுக்கு இந்தப் பக்கம் அதை நிறுத்திவிட்டு மூன்று பேரும் நடந்தார்கள். ஐந்தாவது பட்டியில் ஒரு ஏக்கரைச் சங்கிலி போட்டு அளந்து எண்ணினார்கள்: முள் ஒன்றுகூட இல்லை. ஆறாவதில் அதே அளவு எண்ணினார்கள்: முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்றுப் பதின்மூன்றாவது யேசுதாசின் செருப்பைத் துளைத்து உள்ளே போனது. "மாதாவே!" என்று ஒற்றைக் காலில் குதித்தவரை உட்கார வைத்து, பல்லால் கடித்து முள்ளைப் பிடுங்கி எறிந்தாள் சொக்கம்மாள். "கட்டு வேணுமா? என் கட்டு கோணாது" என்றாள்.

லட்சுமணன் நோட்டில் வெகுநேரம் எழுதினார். "முடிவு என் கையில இல்லம்மா," என்றார். "ஆனா பார்த்ததை விடாம எழுதுவேன். குழி விஷயத்தையும் எழுதுவேன். யார் காட்டினதுன்னும் எழுதுவேன்."

விஷயம் பரவி, அதற்கப்புறம் இரண்டு மாதம் கோரைமேட்டில் அவளோடு பலபேர் பேசவில்லை. சாபிரா சொன்னபடி மண்ணை வாரித் தூற்றாத குறை. அவள் யாரிடமும் வாதாடவில்லை. பட்டிக்குப் பக்கத்தில் ஆளுயரக் குழி ஒன்று வெட்டினாள். சனிக்கிழமைதோறும் கூட்டி அள்ளிக் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடினாள். பார்த்துக்கொண்டே போனவர்களில் மூன்று குடும்பம் தாங்களும் வெட்டியது. ஏன் என்று அவள் கேட்கவுமில்லை.

ஆடி மாசம் உத்தரவு வந்தது. குழி வெட்டிப் புழுக்கையை மூடுகிறவர்கள் மேய்க்கலாம். முள் நிற்கிற ஆறு இடத்தையும் வேரோடு தோண்ட வேண்டும். ஒன்பது குடும்பமும் தங்கியது.

செய்தி வந்த மறுவாரம், ஒரு காலை வேளையில், யேசுதாஸ் லீவு போட்டுவிட்டு வரைபடத்தின் பிரதியோடு வந்தார். சொக்கம்மாள் ஏழாவது பட்டியில், இருப்பதிலேயே சிறிய புதரில், கடப்பாறையோடு நின்றாள். கையெல்லாம் கீறல். நாலு மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. படத்தை வாங்கி, வியர்வை படாமல் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ஆறு இடத்தில் முள் என்று கோடு கிழித்திருந்தது. ஐந்தாவது இடத்தில் 'புல்' என்று எழுதியிருப்பதாக யேசுதாஸ் படித்துக் காட்டினார். அதை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

"சார் உன்னக் கேட்டாருக்கா. அந்த மெஷினு மறுபடி படம் புடிச்சா ஆறு பொட்டும் இருக்குமான்னு கேட்டாரு."

சொக்கம்மாள் கடப்பாறையை மண்ணில் குத்தி நிறுத்தி, வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். அன்று காலை அவள் சொன்னது இது:

"வெச்சது நானு, அயிக்கிறதும் நான்தான். ஆனா பதினெட்டு நாளைக்கு ஒரு தபா எட்டி எட்டிப் பாத்தா நான் எப்பிடி வேலை செய்யறது? கொஞ்சம் லேட்டா வரச் சொல்லு."